அம்மா ஊற்றிய தண்ணீர்

ஒரு சிறுகதைக்கு வாசகர் காட்டிய எதிர்ப்பும் வரவேற்புமே ஒரு நாவலுக்கு வித்தாக அமைந்தது தமிழில் அரிய நிகழ்ச்சி. 1966இல் ‘ஆனந்த விகடன்’ இதழில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வெளிவந்தது. மழை கொட்டும் ஒரு மாலைப் பொழுது. பேருந்துக்காகக் காத்து நிற்கிறாள் ஏழைக் குடும்பத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி. பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. உலகம் அறியாத அந்தப் பெண் அதில் ஏறுகிறாள். சீரழிக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். நடந்ததைக் கேட்ட விதவைத் தாய் முதலில் துடிக்கிறாள், அடிக்கிறாள். பிறகு அக்கம்பக்கத்தார் அறியாதபடி மகளைக் குளியலறைக்கு அழைத்துச் சென்று தலையில் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்கிறாள். யாரிடமும் சொல்லாதே என்றும் கேட்டுக்கொள்கிறாள். கதை அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீர் அன்றைய தமிழ் வாசகரை இரு கூறாகப் பிளந்துவிட்டது. ஒரு தாய் இப்படிச் செய்யலாமா, இது ஒழுக்கக் கேட்டுக்குத் துணைபோவது அன்றோ என்று சினந்தவர் பலர். இப்படி ஒரு தாய் நமக்கு வாய்க்கவில்லையே என்று கண் கலங்கியவரும் பலர். கதையின் முடிவைத் தம் விருப்பப்படி மாற்றி எழுதிக் காட்டியோரும் இருந்தனர். இரு தரப்பாரின் வாதங்களையும் இன்று எண்ணிப் பார்க்கையில் ஒன்று நம் கண்ணில் படுகிறது. ஏசியவரும் போற்றியவரும் பேசியது பெரும்பாலும் தாயைப் பற்றியே. மன்னித்தது சரியா, மறைத்தது முறையா என்றே வழக்கு நடந்தது. தலை நனைந்து நின்ற பெண்ணிடம் ஒரு சொல் கேட்டவர் குறைவு. அதற்குக் கதையும் ஒரு காரணம். அதில் அவளுக்குப் பெயரே கிடையாது; வெறும் ‘அவள்’தான்.

பதின்வயதின் துயரைச் சொல்லும் படைப்புகள் எங்கும் வாசகரைப் பிரித்தே வந்திருக்கின்றன. 1951இல் வெளியான அமெரிக்க எழுத்தாளர் ஜே. டி. சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ நாவலை நம் வாசகருள் சிலர் படித்திருக்கலாம். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு நியூயார்க் நகரத் தெருக்களில் அலையும் ஹோல்டன் என்ற சிறுவன் தன் கதையைத் தானே சொல்கிறான். வாய்க்கு வாய் வசைபாடும் வீண் பிள்ளை என்று அந்நாட்டுப் பெற்றோர் பலர் முகம் சுளித்தனர். பள்ளி நூலகங்களிலிருந்து நூலை அகற்றக் கோரினர். இறந்துபோன தம்பிக்காக அழத் தெரியாமல் அலைகிற பிள்ளை அவன் என்று வேறு பலர் அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டனர். சாலிஞ்சர் எவருக்கும் மறுமொழி சொல்லவில்லை. 1965க்குப் பிறகு எதையும் வெளியிடாமலே இருந்து 2010இல் மறைந்தார். ஜெயகாந்தனோ வேறு பிறவி! சண்டைக்கு வந்த வாசகரைத் திண்ணையில் நிறுத்தாமல் வீட்டுக்குள்ளேயே அழைத்துக்கொண்டார். ‘தினமணி கதிர்’ இதழில் ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் அவர் எழுதிய தொடர், 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலாக வந்தது. 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசும் அதற்குக் கிடைத்தது.

நாவலில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் உண்டு: கங்கா. முப்பதை நெருங்கும் வயது, நல்ல உத்தியோகம். ஒருநாள் பத்திரிகையில் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளரின் சிறுகதை ஒன்றைப் படிக்கிறாள். அது அவளுடைய கதை. அதாவது நாம் மேலே சொன்ன ‘அக்கினிப் பிரவேசம்’! ஆனால் ஓர் இடத்தில் மட்டும் மாறியிருக்கிறது. கதையில் வரும் தாய் தண்ணீர் ஊற்றினாள். கங்காவின் தாய் கனகமோ ஊரைக் கூட்டிக் கதறினாள். அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டினான். தஞ்சாவூர் வெங்கு மாமா அழைத்துப் போய்ப் படிக்கவைத்தார்; அந்த மாமாவின் பார்வையும் கைகளும் நேரானவை அல்ல. அந்தக் கதையை அம்மாவையும் படிக்கவைக்கிறாள் கங்கா.

நம் பார்வையில் இந்நாவலின் பெருமை இந்த ஓர் ஏற்பாட்டில் இருக்கிறது. இத்தனை வாசகர் கருத்துச் சொன்ன பின், கடைசியாகக் கதைக்குரியவளே ஒரு வாசகியாக வந்து உட்காருகிறாள். உன் தாயைப்போல் என் தாய் இருந்தாளில்லை என்பது எழுத்தாளருக்கு அவள் கொண்டுவரும் விமரிசனம். ‘இப்படி ஒரு தாய் உண்டா?’ என்று கேட்ட வாசகருக்கு ஜெயகாந்தன் தந்த விடையும் அதுவே. இல்லை ஐயா, பெரும்பாலும் இல்லை. இல்லாத வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள் என்கிறார்.

எம்.கே.பி. நகரிலும் பக்கத்து வியாசர்பாடியிலும் வாழும் நாம் சிலர், அன்பியக் கூட்டம் முடிந்த பிறகு ஒரு நூலை எடுத்துப் பேசுவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறோம். துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், பள்ளி ஆசிரியை, செவிலியர், தையல் வேலை செய்யும் தாய்மார், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலதரப்பட்டவர்கள். சிறுகதையையும் நாவலையும் அடுத்தடுத்துப் படித்தோம். அரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பிளவு ஆறவில்லை என்பதை நேரில் கண்டோம். ஆனால் பிளந்த இடம் மாறியிருந்தது.

“அழுக்கே ஒட்டவில்லை என்றால் எதற்காக அக்கா தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும்?” என்று ஆசிரியையை நோக்கிக் கேட்டாள் ஒரு மாணவி. 1966இல் அந்தத் தாயைச் சாடியவர்கள் அவள் கனிவு மிகுதி என்று சாடினார்கள். இந்தப் பெண்ணுக்கோ அந்தக் கனிவே குறையுடையதாகத் தோன்றுகிறது! கழுவுவது என்றாலே கறை உண்டு என்று ஒப்புக்கொள்வதாகாதா என்பது அவள் வாதம். இதை இளமைத் துடுக்கு என்று நாம் தள்ளிவிட முடியாது. ஏனெனில் திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநர் ஒருவர் அவள் பக்கமே நிற்கிறார். 410இல் உரோமை நகர் சூறையாடப்பட்டபோது கற்பழிக்கப்பட்ட கிறித்தவப் பெண்களை ஊர் பழித்தது. உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாமே என்றும் பேசியது. புனித அகுஸ்தினார் தம் ‘கடவுளின் நகர்’ நூலின் முதற்பகுதியில் அந்தப் பெண்களுக்காக வழக்காடுகிறார். கற்பு உள்ளத்தின் நற்பண்பு, உள்ளம் இசையாதபோது பிறர் காமம் அதைத் தீண்டாது என்பது அவர் முடிவு. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் தமிழ்ப் பத்திரிகை வாசகர் தொடங்கிய விவாதம், அகுஸ்தினார் முடித்துவைத்த இடத்துக்கும் பின்னால் இருந்தே தொடங்கியது என்றுதான் சொல்ல வேண்டும்.

மாணவிக்கு மறுமொழி சொன்னவர் துறைமுகப் பெரியவர். “அம்மா, கழுவுறதுக்கு மட்டுமா தண்ணி? குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்குறோமே, அதுவும் தண்ணிதானே” என்றார். நல்ல பதில். எனினும் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. திருமுழுக்குத் தண்ணீர் சபையின் முன்னால், பெயர் சொல்லி ஊற்றப்படுகிறது. ‘அக்கினிப் பிரவேச’த் தாயின் தண்ணீர் கதவடைத்து, பெயரற்ற ஒருத்தியின்மேல் ஊற்றப்படுகிறது. அந்தப் பெண்ணுக்குப் பின்னர் நாவலில் இட்ட பெயர் ஒரு நதியின் பெயராக இருப்பது தற்செயலா, ஆசிரியரின் திட்டமா என்று நாம் அறுதியிட வேண்டியதில்லை. பெயர் பெற்ற பிறகுதான் அவள் வாய் திறக்கிறாள் என்பது மட்டும் உறுதி. நாவலில் பெரும்பகுதி அவளது மனவோட்டமாகவே நடக்கிறது.

கத்தோலிக்க இல்லங்களில் வளர்ந்த பெண்களுக்கு இந்நாவலோடு சேர்த்து நினைவுக்கு வருபவர் புனித மரிய கொரற்றி. 1902இல் இத்தாலி நாட்டில், தன்னைக் கெடுக்க வந்த அலெக்சாந்தரோ என்ற இளைஞனை எதிர்த்துக் கத்திக்குத்துப்பட்டு மறுநாள் இறந்த பதினோரு வயதுச் சிறுமி. 1950இல் புனிதராக உயர்த்தப்பட்டார். நம் கூட்டத்தில் ஐம்பதைக் கடந்த பெண்கள் இருவர், மறைக்கல்வி வகுப்பில் அச்சிறுமியைக் காட்டி ‘செத்தாலும் சம்மதிக்காதே’ என்று தமக்குச் சொல்லப்பட்டதை நினைவுகூர்ந்தார்கள். அப்படியானால் சாகாமல் திரும்பிவரும் பெண்ணுக்கு எந்தப் புனிதர்? இந்தக் கேள்வி எழுந்தபோது சற்றுநேரம் எவரும் பேசவில்லை. கொரற்றியின் வரலாற்றில் எளிதில் மறக்கப்படும் செய்தி ஒன்று உண்டு. சாகும் தறுவாயில் அவர் தம்மைக் குத்தியவனை மன்னித்தார். சிறைமீண்ட அவன் அந்தச் சிறுமியின் தாய் அசுந்தாவைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டான். நாவலின் பிரபு அப்படித் தேடி வருபவன் அல்லன். கங்காதான் அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவனுக்கு மனைவி உண்டு, வளர்ந்த மகள் உண்டு. கங்காவின் நட்பில் அவன் கொஞ்சம் கொஞ்சமாக மனிதனாகிறான். இதைப் படித்து உருகியவர் நம்மிடையே ஆண்கள், சீறியவர் பெண்கள். தன்னைச் சிதைத்தவனைத் திருத்தும் வேலையையும் அவளே செய்ய வேண்டுமா என்று செவிலியர் கேட்டார். நாமும் அவர் கட்சியே. நாவலின் பிற்பகுதியில் ஆசிரியரின் பரிவு கங்காவைவிடப் பிரபுவின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அவன் திருந்தி விலகிப் போகிறான். அவள் மதுவிலும் தனிமையிலும் விழுகிறாள். 1977இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் திரைக்கு வந்தபோது, தேசிய விருது பெற்ற லட்சுமியின் நடிப்பு இந்தச் சாய்வைப் பெருமளவு மறைத்தது. நூலில் மறைக்க யாருமில்லை.

இளைஞர் ஒருவர் வேறொரு கணை தொடுத்தார். இதே ஜெயகாந்தன் ‘உன்னைப்போல் ஒருவன்’ என்ற கதையில் சேரியில் வளரும் சிட்டி என்ற சிறுவனின் குமுறலை எழுதியிருக்கிறாரே, தாய் இன்னொருவனை நாடியதைத் தாங்க முடியாத பிள்ளை அவன்; 1965இல் தாமே அதைப் படமாகவும் எடுத்துத் தேசிய விருது பெற்றாரே, அந்தப் பிள்ளைக்காக வாசகர் ஏன் இவ்வாறு மோதிக்கொள்ளவில்லை என்றார். வார இதழ் வாங்கும் குடும்பங்கள் கங்காவிடம் தம் மகளைக் கண்டன, சிட்டியிடம் பிறர் பிள்ளையைத்தான் கண்டன என்பது நம் எண்ணம். வடசென்னையில் இருந்துகொண்டு படிக்கையில் அது உறுத்துகிறது.

நீண்ட நேரம் நம்மை நிறுத்திவைத்தது மௌனம் பற்றிய பேச்சே. யாரிடமும் சொல்லாதே என்பது தாயின் அறிவுரை. விவிலியத்தில் தாமாருக்கும் இதே அறிவுரை கிடைத்தது. அம்னோன் அவளைக் கெடுத்தபின், உடன்பிறந்த அப்சலோம் அவளைப் பேசாதிருக்கச் சொல்கிறான். அவள் அவன் வீட்டில் பாழடைந்தவளாய்த் தங்கிப்போனாள் என்று சாமுவேல் இரண்டாம் நூல் பதின்மூன்றாம் அதிகாரம் சொல்லி நிறுத்துகிறது. அதற்குமேல் அவள் குரல் கேட்பதே இல்லை. ‘அக்கினிப் பிரவேச’த் தாய் அன்பினால் கேட்ட மௌனமும் ஈராண்டு மூவாண்டு சென்றபின் அந்தப் பெண்ணுக்குள் என்னவாகியிருக்கும் என்று சிறுகதை சொல்லவில்லை. ‘அந்தத் தாய் வாய்த்திருந்தால் கங்கா நன்றாக வாழ்ந்திருப்பாள்’ என்று ஆர்.கே.வி.யைப்போல் நாமும் நம்பிவிடுகிறோம்.

தையல் வேலை செய்யும் தாய் ஒருவர் அந்த நம்பிக்கையை வேறு பக்கத்திலிருந்து அசைத்தார். “எங்க குடியிருப்புல ஒரே சுவருங்க. குளிக்கிற இடத்துக்குக் கதவா சாக்குப் படுதா. லாரித் தண்ணி ரெண்டு குடம். அந்தம்மா மாதிரி ஊத்தவும் முடியாது, மறைக்கவும் முடியாது” என்றார். தம் சிறுவயது நாள்களைத்தான் சொன்னார். மறைத்து மன்னிப்பதற்கும் ஓர் அறையும் ஒரு தாழ்ப்பாளும் வேண்டியிருக்கிறது என்பது 1966இன் வாசகர் எவருக்கேனும் தோன்றியதா, தெரியவில்லை.

இன்றோ சட்டம் வேறு. பதினெட்டு நிரம்பாத பிள்ளையின் சம்மதம் சம்மதமே ஆகாது என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். அறிந்தவர் தெரிவிக்காமல் இருப்பதும் அதன்படி குற்றம். கல்லூரிப் பிள்ளைகள் இதை எடுத்துச் சொல்லி, கதையின் தாய் இன்று காவல்நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். தையல் தாய் தலையசைத்தாலும் முகம் தெளியவில்லை. வழக்கு நடக்கும் ஆண்டுகளில் அதே ஒற்றைச் சுவருக்குள் இருக்கப்போவது பிள்ளைதானே என்றார். ஆசிரியை பிள்ளைகள் பக்கம் பேசினார். துறைமுகப் பெரியவர், அந்தக் காரோட்டி வந்தவனைப் பற்றி 1966இல் எவன் கேட்டான், இப்பவாவது சட்டம் கேட்குதே என்றார். அப்போது செவிலியர் நாவலைப் புரட்டி ஒன்றை நினைவூட்டினார். கங்காவைச் சுற்றி இருந்தவர்களில் சட்டம் படித்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் வெங்கு மாமா.