கறுப்பின் பங்கீடு

தமிழ் சினிமாவில் கறுப்பு நிறத்துக்கு இடமில்லை என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அது பாதி உண்மைதான். இடம் உண்டு, நிறையவே உண்டு. யாருக்கு எந்த இடம் என்பதுதான் கேள்வி. நாயகன் கறுப்பாக இருந்தால் அது மண்ணின் நிறம், உழைப்பின் நிறம், பெருமை. நாயகி கறுப்பாக இருந்துவிடக் கூடாது. அவளுடைய தோழி இருக்கலாம், சிரிப்பு மூட்டுவதற்காக. மீன்காரி, கூலிக்காரி, அகதி, பழங்குடிப் பெண் என்றால் கறுப்பாக இருந்தே தீர வேண்டும். ஆப்பிரிக்கர் என்றால் கறுப்போடு கையில் துப்பாக்கியும் இருக்க வேண்டும். ஒரே நிறத்தைப் பால், சாதி, வர்க்கம், தேசம் பார்த்துப் பங்கிட்டுக் கொடுக்கிறது திரை. நிற வெறியைப் பற்றிப் பேசும்போது இந்தப் பங்கீட்டைப் பார்க்கத் தவறினால், 'கறுப்பும் அழகுதான்' என்ற ஆறுதலோடு நின்றுவிடுவோம்.

2007இல் வெளியான ‘சிவாஜி’யிலிருந்து தொடங்கலாம். அதில் அங்கவை, சங்கவை என்று இரு சகோதரிகள் வருகிறார்கள். முகத்தில் கரியைப் பூசியதுபோன்ற ஒப்பனை. அவர்களுடைய தந்தையாக வருபவர் தமிழ்ப் பேராசிரியரும் பட்டிமன்ற நடுவருமான சாலமன் பாப்பையா. பெண்களைப் பார்த்ததும் நாயகன் மிரள வேண்டும், அரங்கம் சிரிக்க வேண்டும். அதுதான் நகைச்சுவை. தமிழ் படித்தவர்களுக்கு இதில் முதலில் வலிப்பது பெயர். அங்கவை, சங்கவை என்பவை பாரியின் மகளிருக்குப் பின்னாளைய மரபு தந்த பெயர்கள். தந்தையும் நாடும் போன பின் பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் 112ஆம் பாட்டு இருக்கிறது. தோழனின் பெண்களுக்கு மணம் முடிக்கக் கபிலர் விச்சிக்கோனிடம் போனார், இருங்கோவேளிடம் போனார். இருவரும் மறுத்தார்கள். ஆதரவற்ற இரு பெண் கவிஞர்களுக்கு வாசல் வாசலாக மாப்பிள்ளை தேடிய துயரம் அது. அதே பெயர்களைக் கொண்டே திரையில் மாப்பிள்ளை தேடும் கேலியைச் செய்திருக்கிறார்கள்.

ஆனால், பெயருக்காக மட்டும் வருந்தினால் போதாது. வேறு ஏதோ இரு பெயர்களை வைத்திருந்தால் அந்தக் காட்சி சரியாகிவிடுமா? அங்கே அவமானப்பட்டது இலக்கியம் மட்டுமா? திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த, அதே நிறத்தில் பிறந்த பெண்கள் எல்லாரும்தான். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர்களால் அழைக்கப்பட்டதை இன்றும் சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள்.

இதே படத்தில் நாயகனும் நிறத்துக்காக வருந்துகிறான். நாயகிக்காக வெள்ளையாக முயல்கிறான், ஒரு பாட்டு முழுக்க வெள்ளையாகவே வருகிறான். அதற்காக ஓர் ஐரோப்பிய நடனப் பெண்ணின் தோலைப் படம்பிடித்து, அந்த நிறத்தைக் கணினி வழியே ரஜினிகாந்தின் உடலில் ஏற்றினார்கள். ஆணுக்கு நிறம் என்பது ஒரு பாட்டுக்குப் போட்டுக் கழற்றும் உடை. அடுத்த காட்சியில் அவன் பழைய நிறத்துக்கே திரும்பலாம், நாயகியும் கிடைப்பாள். அங்கவைக்கும் சங்கவைக்கும் அப்படிக் கழற்றிப்போட வழியில்லை.

11 ஆண்டுகள் கழித்து, 2018இல், அதே நடிகரை வைத்துப் பா. ரஞ்சித் ‘காலா’ எடுத்தார். கறுப்பு அதில் தாழ்வு இல்லை, உழைக்கும் மக்களின் நிறம், அரசியல். வெள்ளை உடுத்தியவன்தான் ஆதிக்கக்காரன். தமிழ்த் திரையில் இது பெரிய திருப்பம். இடையில் 2011இல் வந்த ‘ஆடுகளம்’ படத்து நாயகனுக்குப் பெயரே கறுப்பு. ஆனால் அந்தக் கறுப்பு காதலிப்பது ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்ணை. கறுப்பு நாயகனின் வெற்றி, வெளுத்த நாயகியைப் பெறுவதில்தான் முழுமையடைகிறது. எதிர்த்திசையில், கறுத்த பெண் ஒருத்தி தன் நிறத்தை மறைக்காமல் விரும்பியவனை அடையும் கதைகள் எத்தனை என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

பெண்ணுக்கு வந்தால் நிறம் ஒப்பனைப் பெட்டிக்குள் போய்விடுகிறது. அந்தப் பெட்டி இரண்டு திசையிலும் வேலை செய்கிறது. படித்த, வசதியான பெண்ணாக நடிக்கும்போது நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கச் சொல்வார்கள் என்று நந்திதா தாஸ் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். கிராமத்துப் பெண்ணாக, சேரிப் பெண்ணாக நடித்தால் அந்தப் பேச்சு எழாது. மறுதிசையில், ‘ஜெய் பீம்’ (2021) படத்தில் இருளர் பெண் செங்கேணியாக நடிக்க லிஜோமோள் ஜோஸுக்குக் கறுப்பு ஏற்றினார்கள். அவருடைய நடிப்பைக் குறைசொல்ல எதுவும் இல்லை. ஆனால் கறுத்த பெண்ணின் வறுமையைச் சொல்லும் படத்தில்கூட, கறுத்த பெண்ணுக்கு வேலை இல்லை. மேல்தட்டுப் பாத்திரம் அவளுக்குக் கிடைக்காது, அவளுடைய சொந்தப் பாத்திரமும் கிடைக்காது.

எங்கள் கடற்கரையைத் தொட்டு நிற்கும் இரண்டு படங்களைப் பாருங்கள். 2002இல் மணிரத்னம் எடுத்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்கள். ஈழத்திலிருந்து அகதியாக இராமேசுவரம் கரைக்கு வந்து பெற்றவள் நந்திதா தாஸ். வளர்க்கும் சென்னைத் தாய் சிம்ரன். பெற்றவளுக்குப் பெயர் ஷியாமா. கருநிறத்தாள் என்றே பொருள். பாடுபட்டுப் பெற்றுவிட்டுப் போகும் தாய் கறுப்பு, வீடும் கணவனும் பாட்டும் உள்ள தாய் வெளுப்பு. 2012இல் சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’ கடலில் சுடப்பட்டுச் சாகும் மீனவர்களின் கதை. இந்தத் தீவில் எந்தத் தெருவில் கேட்டாலும் அப்படி ஒரு கதை உண்டு. அதில் மீனவப் பெண் எஸ்தரை இருவர் நடித்தார்கள். காதலிக்கும் வயதில் சுனைனா, துக்கம் காக்கும் வயதில் நந்திதா தாஸ். இரண்டுமே நல்ல நோக்கத்தில் எடுத்த படங்கள், நந்திதாவுக்கு மதிப்பான பாத்திரங்கள். அதனால்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது. கறுத்த பெண்ணுக்கு நல்லெண்ணம் உள்ளவர்கள் எடுத்துவைப்பதும் துக்கத்தைத்தான்.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சேலைக்கு மேல் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, கண்ணுக்குக் கண்ணாடி. மூச்சை அடக்கி முங்கி, பாறையில் கை கிழியப் பறித்து, பையை நிரப்பிக்கொண்டு வருவார்கள். வெயிலும் உப்பும் ஏறிய நிறம் அது. அவர்களில் ஒருத்தியைப் பற்றிப் படம் எடுத்தால் நடிக்க எந்த ஊரிலிருந்து யார் வருவார், ஒப்பனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நமக்குத் தெரியும். அவர்களுடைய மகள்கள்தான் கல்லூரிக்கு வருகிறார்கள். வெயிலில் நிற்காதே என்று அவர்களிடம் சொல்பவர்கள், வெயிலில் நின்றே அவர்களைப் படிக்கவைக்கும் அம்மாக்கள். நிறத்துக்கு ஈடாக எத்தனை பவுன் கூடுதலாகப் போட வேண்டும் என்ற கணக்கு அந்த வீடுகளில் பெண் பிறந்த அன்றே தொடங்கிவிடுகிறது.

இந்த மாணவிகளுக்குச் சங்கப் பாடல் நடத்தும்போது ‘மாமை’ என்ற சொல்லில் வகுப்பு நின்றுவிடும். தலைவியின் மேனி அழகுக்குப் பெயர் மாமை, மாந்தளிரின் நிறம். அவளை மாயோள் என்றே அழைப்பார்கள், கருநிறத்தாள். தலைவன் பிரிந்தால் அந்த நிறம் போய்ப் பசலை பாய்கிறது. பீர்க்கம் பூப்போல வெளிறிப்போகிறாள். அதாவது வெளுப்பதுதான் நோய். இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “அப்ப பசலைக்குத்தான் கிரீம் விக்கிறாங்களாம்மா?” வகுப்பே சிரித்தது. ஆனால் சிரித்து முடித்ததும் அவர்கள் திரும்பிப் போவது ‘மாநிறம்’ என்று மணமகள் விளம்பரத்தில் எழுதும் உலகத்துக்கு. மாமையில் இருந்த ‘மா’ இன்று சிவப்பில்லை என்பதை நாசூக்காகச் சொல்லும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. மாமை பாடிய கவிதையிலும் அந்த நிறத்துக்கு மதிப்பு தருவது தலைவனின் கண்தான். அவன் போனால் அழகும் போகிறது. நிறம் மட்டும் மாறியிருக்கிறது, தீர்ப்புச் சொல்பவன் மாறவில்லை.

கிரீமின் கதையில் நாம் மறந்துவிடும் ஒரு பக்கம் உண்டு. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 1975இல் சந்தைக்கு வந்தது. சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. 2013இல் நந்திதா தாஸ் அதற்கு முகம் கொடுத்தார். அப்போதும் பெயர் மாறவில்லை. 2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் கொன்றார். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஜூலைக்குள் அந்தக் கிரீம் ‘குளோ அண்ட் லவ்லி’ ஆகிவிட்டது. உள்ளே இருப்பதும் அதை வாங்கவைக்கும் பயமும் அப்படியே இருக்கலாம். இருந்தாலும், நம் ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கும் பாக்கெட்டில் ஒரு சொல்லாவது அழிந்ததில் எங்கோ தெருவில் நின்ற கறுப்பினத்தாரின் பங்கு இருக்கிறது.

அவர்களுக்கு நம் திரை என்ன கொடுத்திருக்கிறது? 2013 ஜூலையில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு படங்கள் வந்தன. ‘சிங்கம் 2’ தூத்துக்குடிக் கடல் வழியாகப் போதைப்பொருள் வருவதைச் சொன்னது. அதன் தலைவன் ஓர் ஆப்பிரிக்கன். ‘மரியான்’ ஒரு தமிழ் மீனவன் பிழைக்கச் சூடானுக்குப் போய்க் கடத்தப்படுவதைச் சொன்னது. கடத்துபவர்கள் ஆயுதமேந்திய சூடானியர்கள். இரண்டும் நம் கடற்கரைக் கதைகள். இரண்டிலும் நம் கறுத்த நாயகன் நல்லவனாகத் தெரிவதற்கு அவனைவிடக் கறுத்தவன் ஒருவன் கெட்டவனாகத் தேவைப்படுகிறான். ‘சிங்கம் 2’இன் வில்லன் டேனி சபானி சாதாரண நடிகர் அல்ல. மறு ஆண்டே லண்டன் நேஷனல் தியேட்டரில் ‘மீடியா’ நாடகத்தின் ஜேசன், 2024இல் அல்மெய்டா அரங்கில் லியர் மன்னன். லியராக நிற்கக்கூடிய நடிகரிடம் நாம் கேட்டது உறுமலை மட்டுமே. ஆப்பிரிக்க ஆணுக்காவது உறுமல் கிடைத்தது. ஒரு தமிழ்ப் படத்தில் ஆப்பிரிக்கப் பெண் ஒருத்தி பேசிய முழு வசனம் ஏதாவது உங்கள் நினைவுக்கு வருகிறதா?

சினிமாதானே என்று விட்டுவிட முடியாது. 2016 தொடக்கத்தில் பெங்களூரில் சூடானிய மாணவர் ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்தார். சற்று நேரம் கழித்து அந்த வழியே வந்த தான்சானிய மாணவியைக் கும்பல் இழுத்துப்போட்டு அடித்தது. அவருக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லை, இருவருக்கும் நாடும் வேறு. ஆப்பிரிக்கர் எல்லாரும் ஒரே முகம், ஒரே குற்றம் என்று பழகிய கண்கள் செய்த வேலை அது. அடி வாங்கியது யார் என்பதையும் பாருங்கள்: ஒரு பெண், ஒரு மாணவி. வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் நம் மாணவிகளில் ஒருத்தியைப் போன்றவள்.

அண்டை மாநிலத்தில் வேறு வழி ஒன்றைக் காட்டினார்கள். 2018இல் வந்த மலையாளப் படமான ‘சுடானி ஃபிரம் நைஜீரியா’வில் நைஜீரியக் கால்பந்து வீரன் மலப்புறத்தில் அடிபட்டுப் படுத்திருக்கிறான். இரண்டு வயதான அம்மாக்கள் அவனைப் பார்த்துக்கொள்கிறார்கள். மொழி இல்லாமலே பேசிக்கொள்கிறார்கள். எந்த நாட்டு ஆப்பிரிக்கரையும் ‘சுடானி’ என்று அழைக்கும் ஊர் வழக்கத்தைத் தலைப்பே கிண்டல் செய்கிறது. அந்தப் படத்தில் நடித்த சாமுவேல் ராபின்சன் தன் நிறத்தால் சம்பளம் குறைந்ததாகக் குற்றம்சாட்டியதும், பின்னர் தயாரிப்பாளர்களோடு பேசித் தீர்த்துக்கொண்டதும் நடந்தது. நல்ல கதை சொல்வதோடு வேலை முடிவதில்லை, கூலியிலும் கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதையும் அது நினைவூட்டியது.

நாம் கேட்க வேண்டியது அழகுச் சான்றிதழை அல்ல. ‘நீயும் அழகுதான்’ என்ற சொல்லில் வரும் அந்த ‘உம்’ நம்மைக் கடைசி வரிசையிலேயே நிறுத்திவைக்கிறது. ‘காலா’வில் புயல் என்ற பெண்ணின் கீழாடையைக் காவலர்கள் உருவி எறிகிறார்கள். அருகே கிடக்கும் துணியைத் தாண்டி அவள் கை கட்டையை எடுக்கிறது. அவள் என்ன நிறம், அழகா இல்லையா என்று அந்த நொடியில் யாரும் யோசிப்பதில்லை. அவள் ஏதோ செய்கிறாள், கதை அவளால் நகர்கிறது. கறுத்த பெண்ணுக்கு வேண்டியது இதுதான்: செய்ய ஒரு செயல், பேச ஒரு வசனம், செய்த வேலைக்குக் கூலி. சின்னப்பாலத்துப் பெண்ணுக்கும் தான்சானிய மாணவிக்கும் அது ஒருசேர வேண்டும். ஒருத்திக்கு வாங்கிக்கொண்டு இன்னொருத்தியைத் துப்பாக்கிக்கும் ஆட்டக் கூட்டத்துக்கும் விட்டுவிட்டால், பங்கீடு பழையபடியே தொடரும். அளக்கும் கை மட்டும் நம்முடையதாக இருக்கும்.