சிக்கனமான பயம்

சொற்ப முதலில் எடுக்கப்பட்ட பேய்ப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு அதன் கணக்கை முடித்துவிடுகிறார்கள். பயமாக இருந்ததா என்பது ஒன்று; அது ஒரு சிறுகதையிலிருந்து பிறந்த படமாயின், கதையில் உள்ளபடியே எடுத்திருக்கிறார்களா என்பது மற்றொன்று. முதற்கேள்வி பார்ப்பவருடைய நரம்புகளைப் பற்றிச் சொல்லுமே தவிரப் படத்தைப் பற்றி அதிகம் சொல்லாது. ஏனெனில் பின்னால் வந்து கதவை அறைந்து சாத்தினாலும் மனிதன் துணுக்குறத்தான் செய்வான், அதனால் கதவைச் சாத்தியவன் கலைஞனாகிவிட மாட்டான். இரண்டாவது கேள்வியோ, பத்திரத்தின் நகலை மூலத்தோடு ஒத்துப்பார்க்கும் குமாஸ்தாவின் கேள்வி. இவ்விரண்டையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, இவ்வகைப் படங்களுக்கென்றே உரிய ஒரு ரஸனையைப் பழகிக்கொள்ள முடியும் என்பது என் திடமான நம்பிக்கை.

சிறுகதைக்கும் சிறு முதற் படத்துக்கும் பிறவியிலேயே ஓர் உறவு உண்டு. நாவலாசிரியனுக்குக் கிடைக்கும் விஸ்தாரம் சிறுகதைக்காரனுக்குக் கிடையாது. ஊரையும் வம்சத்தையும் வர்ணித்துக்கொண்டிருக்க அவனுக்கு இடமில்லை. ஆகவே பெரும்பகுதியைச் சொல்லாமலே விட்டு, அப்படி விட்டதன் பாரமெல்லாம் சொல்லிய சில வரிகளின்மேல் வந்து இறங்கும்படி அவன் செய்கிறான். கையில் காசில்லாத டைரக்டருடைய நிலையும் ஏறக்குறைய அதுதான். நூறு பேர் கூடிய சந்தையைக் காட்ட வழியில்லாதபோது சந்தையின் இரைச்சலை ஜன்னலுக்கு வெளியே கேட்கச் செய்கிறார். அரண்மனை கட்ட முடியாதபோது ஒரு மாடிப்படியையும் அதன்மேல் விழும் நிழலையும் கொண்டு அரண்மனையை நம் மனத்தில் கட்டுகிறார். ஆகையால் நாம் கேட்க வேண்டியது இதுதான்: இருந்த கொஞ்சத்தை இவர் எங்கே செலவழித்தார், எங்கே கையை மூடிக்கொண்டார், மூடிக்கொண்ட அந்த இடம் கதையின் மௌனத்தோடு பொருந்தியிருக்கிறதா?

இதைப் பழகுவதற்கு நான் எடுத்துக்கொள்ளும் படம், 1945-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்.கே.ஓ. ஸ்தாபனத்தார் வெளியிட்ட 'தி பாடி ஸ்நாட்சர்'. ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் 1884-இல் ஒரு கிறிஸ்துமஸ் மலரில் வெளியிட்ட சிறுகதையே அதற்கு மூலம். தயாரிப்பாளர் வால் லூட்டன். டைரக்டர் ராபர்ட் வைஸ். முதலில் கதையை ஒரே அமர்வில் படித்துவிடுங்கள். படித்து முடித்ததும், எந்த இடத்தில் உங்கள் மனம் இடறி நின்றதென்பதை மாத்திரம் நினைவில் வைத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுங்கள். பெயர்களையும் சம்பவங்களையும் உருப்போட வேண்டாம். படம் பார்க்கும்போது அவை வழியை மறித்துக்கொண்டு நிற்கும்.

கதை எடின்பரோ நகரத்தில் நடப்பது. உடற்கூறு கற்பிக்கும் பள்ளிகளுக்கு அறுத்துப் பார்க்கச் சடலங்கள் போதாமல், புதைத்தவற்றை இரவில் தோண்டிக் கொண்டுவந்து விற்பவர்கள் அதையே தொழிலாகக் கொண்டு பிழைத்துவந்த காலம் அது. பர்க், ஹேர் என்ற இருவர், தோண்டுகிற சிரமமும் எதற்கென்று, 1828-க்குள் 16 பேரைக் கொன்றே விற்றார்கள் என்பது சரித்திரம். ஸ்டீவன்ஸனுடைய கதையில் பெட்டிஸ் என்ற மாணவன் சடலங்களைப் பெற்றுக்கொண்டு பணம் கொடுக்கும் பொறுப்பில் இருக்கிறான். ஒரு விடியற்காலையில் அவன் முன் கிடத்தப்பட்ட உடல், முந்தின நாள்தான் அவன் உயிரோடு பார்த்த ஜேன் கால்பிரெய்த் என்ற பெண்ணுடையது. கதையில் அவளுக்குக் கிடைப்பது ஒரு பெயரும் சில வரிகளுமே. பெட்டிஸ் அவளை அடையாளம் கண்டுகொள்கிறான். பயந்து வாயை மூடிக்கொள்கிறான். அவனுடைய அந்த மௌனத்தில்தான் கதையின் பாவம் முழுவதும் தங்கியிருக்கிறது.

இனிப் படத்தைக் கவனியுங்கள். இருபது பக்கக் கதையை எழுபத்தெட்டு நிமிஷப் படமாக்க வேண்டுமானால் எதையேனும் கூட்டித்தான் ஆக வேண்டும். கூட்டியது வெளியிலிருந்து ஒட்டவைத்ததா, கதையின் உள்ளிருந்தே முளைத்ததா என்று பார்ப்பதில்தான் இந்த ரஸனையின் சாரம் இருக்கிறது. படத்தில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு குரல் இருக்கிறது. தெருவில் பாடிப் பிச்சையெடுப்பவளாக அவளை ஆக்கியிருக்கிறார்கள். படம் தொடங்கிய சிறிது நேரத்திலிருந்தே அவளுடைய பாட்டு அந்தத் தெருவின் காற்றைப்போல நம் காதில் பழகிவிடுகிறது. பிறகு ஓர் இரவு, கல் பாவிய தெருவின் கோடியில் இருண்ட வளைவு ஒன்றை நோக்கி அவள் பாடிக்கொண்டே நடந்து இருளுக்குள் மறைகிறாள். குரல் மாத்திரம் கேட்கிறது. பின்னாலேயே கிரே என்பவனுடைய வாடகைக் குதிரை வண்டி நிதானமாகச் சென்று அதே இருளுக்குள் நுழைகிறது. காமிரா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வெறும் வளைவும் இருளும் பாட்டும். பாட்டு நடுவிலேயே அறுந்துபோகிறது.

இந்தக் காட்சியில் கொலை இல்லை, கை இல்லை, கழுத்து இல்லை, அலறல் இல்லை; செலவென்று பார்த்தால் ஒரு பெண், ஒரு குதிரை, கொஞ்சம் இருட்டு. ஆயினும் நான் பார்த்த பயங்கரங்கள் எல்லாவற்றிலும் இதையே முதலாவதாக வைப்பேன். ஏனெனில் இது வெறும் அதிர்ச்சியாக இல்லாமல் துக்கமாகவும் இருக்கிறது. ஸ்டீவன்ஸன் எழுதிய அந்தச் சில வரிகளுக்குள், நேற்றுவரை உயிரோடிருந்த ஒருத்தி இன்று ஒரு சரக்காகிவிட்டாள் என்ற செய்தி அடங்கியிருந்தது. அந்தச் செய்தியைப் படக்காரர்கள் வசனமாகச் சொல்ல முற்படாமல், உயிர் என்பதை ஓசையாகவும் மரணம் என்பதை ஓசையின்மையாகவும் மாற்றிக்கொண்டார்கள். கதையில் இல்லாத ஒன்றைக் கூட்டி, அதனாலேயே கதைக்கு அதிக விசுவாசமாக இருப்பது எப்படியென்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்த ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தால் மற்றொன்றும் புலப்படும். கிரேயாக நடிக்கும் போரிஸ் கார்லாப், கால் ஊன்ற முடியாத ஒரு சிறு பெண்ணிடம் தன் வெள்ளைக் குதிரையைக் காட்டி மிக அன்போடு பேசுகிறார். அந்தக் குழந்தையோ அதன் பிறகு தெருவில் குளம்போசை கேட்டபோதெல்லாம் அதே குதிரைதானோ என்று ஏங்குகிறது. குழந்தைக்கு நம்பிக்கையாக ஒலிக்கிற அதே ஓசை தெருப்பாடகிக்கு எமனுடைய காலடியாகிறது. ஒரே ஓசைக்கு இப்படி இரண்டு பொருள் கொடுப்பதற்குப் பட முதலாளி ஒரு காசும் அதிகம் தர வேண்டியதில்லை.

முடிவு எப்படி மாற்றப்பட்டிருக்கிறது என்பதையும் நிதானமாக எடை போடுங்கள். கதையில் பெட்டிஸும், அதே பள்ளியில் அவனுக்கு மூத்த உதவியாளனான மாக்பர்லேனும் கொட்டும் மழையில் ஒரு குடியானவனுடைய மனைவியின் சடலத்தைத் தோண்டியெடுத்துக்கொண்டு வருகையில், விளக்கை உயர்த்திப் பார்த்தால், நெடுநாளைக்கு முன் அறுத்துத் தீர்த்துவிட்ட கிரேயின் உடல் அங்கே உட்கார்ந்திருக்கிறது. விளக்கு விழுந்து அணைகிறது, குதிரை மிரண்டு அந்தச் சவத்தோடு நகரத்தை நோக்கிப் பாய்கிறது, கதையும் அத்தோடு நிற்கிறது. படத்தில் அந்த முகத்தைக் காண்பவன் மாக்பர்லேன் ஒருவனே. வண்டி கவிழ்ந்து அவன் மாண்டபின் பெட்டிஸ் வந்து பார்க்கும்போது அங்கே கிடப்பது தோண்டியெடுத்த பெண்ணின் உடல்தான். எனக்குக் கதையின் முடிவே மேலானது. விளக்கம் தராமல் வாசகனை இருட்டில் விட்டுவிட்டுப் போகும் தைரியம் அதில் இருக்கிறது. படமோ மனச்சாட்சியின் மயக்கம் என்றொரு சமாதானத்தை நம் கையில் கொடுத்து அனுப்புகிறது. ஆயினும் அந்தச் சமாதானத்துக்கு முந்தின சில நிமிஷங்களில், மழையிலும் சக்கரச் சத்தத்திலும் இறந்தவனுடைய குரல் தாளம் தப்பாமல் வந்து மோதுகிறதே, அதற்காக நான் முடிவை மன்னித்துவிடுகிறேன்.

லூட்டன் ஆர்.கே.ஓ.வில் பேய்ப் படங்கள் எடுக்க அமர்ந்தபோது, படத்துக்குப் பெயரை ஸ்தாபனத்தாரே வைத்துக் கொடுப்பார்கள் என்பதும், ஏறக்குறைய 1,50,000 டாலருக்குள் படத்தை முடித்துவிட வேண்டும் என்பதும் அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள். வேறு படங்களுக்காகக் கட்டி நின்ற செட்டுகளே அவருக்குக் கிடைத்தன. எடின்பரோ தெருக்களாக நாம் காண்பவற்றில் ஒரு பகுதி, 1939-இல் பாரிஸ் நகரமாக 'நாட்டர்டாம் கூனன்' படத்துக்கென எழுப்பப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதால் ரஸனை குறையாது. இரவல் நகையைப் பூண்ட பெண் அதைத் தன்னுடையதாகவே தரித்துக்கொள்ளும் சாமர்த்தியத்தைப் போல, இரவல் தெருவைத் தன் கதைக்குச் சொந்தமாக்கிக்கொள்ளும் திறமையும் வியக்கத்தக்கதே.

எட்கார் ஆலன் போவின் 1839-ஆம் ஆண்டுக் கதையை ரோஜர் கார்மன் 1960-இல் 'ஹவுஸ் ஆப் அஷர்' என்ற வர்ணப் படமாக எடுத்ததும் இந்த வகையில் சிந்திக்கத்தக்கது. பதினைந்தே நாள் படப்பிடிப்பு. கதையில் பூதம் எங்கே என்று முதல் போட்டவர்கள் கேட்டபோது, அந்த வீடேதான் பூதம் என்று கார்மன் பதில் சொன்னாராம். அந்தப் பதிலில் நல்ல விமர்சனம் ஒன்றும் அடங்கியிருக்கிறது, ஏனெனில் போவின் கதையும் அந்த வீட்டின் சுவரிலும் கல்லிலும்தான் உயிரை வைத்திருக்கிறது. ஹாலிவுட் குன்றுகளில் காட்டுத்தீ பரவி மரங்கள் கரிந்து நின்ற சமயமாகப் பார்த்து, அந்தச் சாம்பல் நிலத்தில் கதாநாயகனைக் குதிரையேற்றி அனுப்பி, சாபம் பிடித்த பூமியைச் சம்பளமில்லாமல் சம்பாதித்துக்கொண்டார்கள். வீடு எரியும் காட்சிக்கு, இடிக்க இருந்த பழைய கொட்டகை ஒன்றைக் கொளுத்திப் படம்பிடித்தார்கள். அதே தீயை அவருடைய பிற்காலப் படங்களிலும் கண்டபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. முதல் தடவை அது கதையின் தேவையிலிருந்து எழுந்த தீ. பிற்பாடு அலமாரியிலிருந்து எடுத்த தீ. வறுமையை மன்னிக்கலாம், அசிரத்தையை மன்னிக்கலாகாது என்ற பேதத்தை இந்த ஒரு தீயைக் கொண்டே கற்றுக்கொள்ளலாம்.

கையை மூடிக்கொள்ள வேண்டிய இடத்தில் திறந்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 1957-இல் ஜாக் டூர்னர் இயக்கிய 'நைட் ஆப் தி டீமன்' சாட்சி. எம். ஆர். ஜேம்ஸின் கதையில் மந்திர எழுத்துப் பொறித்த ஒரு காகிதத் துண்டுதான் மரணத்தைக் கொண்டுவருகிறது. படத்திலும் அந்தத் துண்டு தானாகவே நெருப்பை நோக்கிப் பறக்கத் துடிக்கும் காட்சி மிகவும் நேர்த்தியானது. காற்றில் ஆடும் ஒரு காகிதத்தைக் கண்டு மனிதன் நடுங்கும்படி செய்துவிட்டார்கள். ஆனால் தொடக்கத்திலேயே பிசாசைப் பூதாகாரமாகத் திரையில் நிறுத்திவிடுகிறார்கள். டூர்னருக்கு அதில் சம்மதமில்லை என்பது அவரே பின்னாளில் சொல்லியது. கதாநாயகன் எதையும் நம்பாத விஞ்ஞானி. அவனுடைய சந்தேகம் கரைவதே படத்தின் போக்கு. நாமோ பிசாசை முன்பே பார்த்துவிட்டோமாகையால், அவன் சந்தேகிக்கும்போது அவனோடு சேர்ந்து சந்தேகிக்க முடியாமல், அவன் எப்போது ஒப்புக்கொள்வான் என்று காத்திருக்கிறோம். பொம்மை நன்றாக இல்லை என்று சிலர் குறை கூறுவார்கள். பொம்மை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் குறை இருந்திருக்கும்.

நடிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இவ்வகைப் படங்களில் பயப்படுகிறவனைவிடப் பயமுறுத்துகிறவன் சாந்தமாக இருக்கிறானா என்று பார்த்தால் போதும். பின்னணி இசை, வரப்போகும் பயத்தை முன்கூட்டியே பறையடித்து அறிவிக்கிறதா என்பதும் கவனிக்கத்தக்கது.

படத்தை முதன்முறை இருளில், தனியாகவோ பேசாத ஒரு துணையோடோ பாருங்கள். சில நாள் கழித்து மறுமுறை பார்க்கும்போது, நடக்கப்போவது தெரிந்திருப்பதால் பயம் விலகிப்போயிருக்கும். அப்போது வேலைப்பாடு தெரியத் தொடங்கும். விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எது வேண்டுமென்றே இருளில் விடப்பட்டிருக்கிறது, பேச்சில்லாத இடங்களில் எந்த ஓசை கேட்கிறது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பின்தொடரலாம். சில காட்சிகளைக் கண்ணை மூடிக்கொண்டு காதால் மாத்திரம் கேட்டுப்பார்ப்பதும் நல்லது.

அதன்பின் கதையை மீண்டும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நான் அப்படிப் படித்தபோது, விடியற்காலையில் பெட்டிஸ் விளக்கை உயர்த்தி ஜேன் கால்பிரெய்த்தின் முகத்தைப் பார்க்கும் பக்கத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அவள் பாடுவாள் என்று ஸ்டீவன்ஸன் எங்கும் எழுதவில்லை. இருந்தும் அந்தப் பெயரைக் கடந்து மேலே படிப்பதற்குள் எனக்கு அந்தப் பாட்டு கேட்டது, அறுந்த இடம் வரைக்கும்.