கறுப்புக் கட்டத்தைப் பிடிக்கும் கணம்

பிஸ்கட் பாக்கெட் போடும் இயந்திரத்தில் பிலிம் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு கறுப்புக் கட்டம். கத்தி எங்கே விழ வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. சென்சார் அதைக் கண்ட செய்தி 1 மில்லி நொடி பிந்தினால், கணக்கு 1 மில்லிமீட்டர் தவறும்.

எப்போதும் ஒரே அளவான தாமதம் என்றால் கழித்துவிடலாம். ஒருமுறை 2, மறுமுறை 9 மில்லி நொடி என்று அலைந்தால்தான் படம் நடுவில் வெட்டுப்படும். இயந்திரத்தை நடத்தும் கன்ட்ரோலரின் சாதாரண உள்ளீடு அப்படி அலையக்கூடியது: மின் இரைச்சலை வடிகட்டச் சில மில்லி நொடி, பிறகு புரோகிராமின் அடுத்த சுற்றுக்காகக் காத்திருப்பு. இன்டரப்ட் கொடுத்தால் பிராசசர் கைவேலையை நிறுத்திவிட்டு ஓடிவரும். ஆனாலும் அது வந்துசேரும் நேரம் கொஞ்சம் முன்பின்னாகும்.

இங்கேதான் லாட்ச் உள்ளீட்டின் அழகு. சிக்னல் வந்த சில மைக்ரோ நொடிகளுக்குள், பிலிமின் நகர்வை எண்ணும் என்கோடரின் எண்ணிக்கையை ஹார்டுவேரே உறையவைத்துவிடுகிறது. புரோகிராம் அதைச் சாவகாசமாகப் படிக்கலாம், இடம் பிசகாது. எவ்வளவு நேர்த்தியான யோசனை!

வெளியீட்டிலும் இதே விவேகம் வேண்டும். ரிலே தொடுமுனை மூடச் சுமார் 10 மில்லி நொடி பிடிக்கும். டிரான்சிஸ்டர் வெளியீடு அதைவிடப் பன்மடங்கு வேகம். பசை தெளிக்கவும் கேமராவைச் சொடுக்கவும் குறித்த எண்ணிக்கையை எட்டியதும் ஹார்டுவேரே வெளியீட்டைத் திறந்துவிடும் வசதியும் பல கன்ட்ரோலர்களில் உண்டு.