எத்தனாலில் கரைந்த கேள்வி

மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்றதும் மருத்துவம் படித்தவர்கள் 1985ஆம் ஆண்டு நோபல் பரிசைச் சொல்வார்கள். நான் சொல்ல வருவது அவர்கள் கைத்திறனைப் பற்றி. சோதனையை அமைப்பதிலும் ஒரு கலை உண்டு. அதில் இந்த இருவரும் தேர்ந்த கைகள்.

பாஸ்டன் மருத்துவமனையில் இளம் மருத்துவர்களாக இருந்தபோது நண்பர்களானவர்கள். 1972 வாக்கில் இருவரும் டெக்சாஸின் டாலஸ் நகரில் சேர்ந்து வேலை தொடங்கினார்கள். அவர்களை ஆட்டிப்படைத்தது ஒரு பரம்பரை நோய். பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்துவிட்டால், ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பல மடங்கு ஏறி, பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே மாரடைப்பு வரும். பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய். அபூர்வமான நோயை எடுத்துக்கொண்டு பொதுவான உண்மையைத் தேடியது அவர்களுடைய முதல் சாமர்த்தியம். இரண்டாவது, கொலஸ்ட்ரால் என்றாலே எல்லோரும் கல்லீரலைப் பார்த்த காலத்தில், நோயாளியின் தோலிலிருந்து துளி எடுத்துக் கண்ணாடித் தட்டில் செல்களாக வளர்த்தது.

செல்லுக்குள் கொலஸ்ட்ரால் தயாரிப்பின் வேகத்தை ஒரு நொதி கட்டுப்படுத்துகிறது: எச்.எம்.ஜி. கோஏ ரிடக்டேஸ். ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றிச்செல்லும் துகளான எல்.டி.எல்.லைச் சாதாரண செல்லுக்குக் கொடுத்தால் அந்த நொதி அடங்குகிறது. எல்.டி.எல்.லை எடுத்துவிட்டால் எழுகிறது. நோயாளியின் செல்லிலோ அது 40 முதல் 60 மடங்கு அதிகமாக ஓடிக்கொண்டே இருந்தது, எல்.டி.எல்.லை எவ்வளவு ஊற்றினாலும் அசையவில்லை. 1973இல் இதை வெளியிட்டார்கள். நொதியின் கட்டுப்பாட்டிலேயே கோளாறு என்று முடிவுகட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். பலர் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

அவர்கள் கொலஸ்ட்ராலை எத்தனாலில் கரைத்தார்கள். எல்.டி.எல். துகளில் ஏற்றாமல் நேராகச் செல்கள் மேல் விட்டார்கள். நோயாளியின் செல்லிலும் நொதி அடங்கியது! அப்படியானால் உள்ளே எல்லாம் ஒழுங்கு. கொலஸ்ட்ராலை ஏற்றிவரும் எல்.டி.எல்.தான் உள்ளே போக முடியாமல் நிற்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு கரைப்பானை மாற்றியதில் நோய் செல்லின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு இடம்பெயர்ந்தது. 1974இல் கதிரியக்க அயோடின் சேர்த்த எல்.டி.எல்.லை வைத்துப் பார்த்தபோது, சாதாரண செல் அதைப் பிடித்துக்கொண்டது, நோயாளியின் செல் பிடிக்கவில்லை. செல் மேற்பரப்பில் நின்று அதைப் பிடிக்கும் புரதம், எல்.டி.எல். ஏற்பி, வெளிச்சத்துக்கு வந்தது இப்படித்தான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு நோயாளியின் செல்கள் இன்னும் விசித்திரம். எல்.டி.எல்.லைப் பிடித்தன, உள்ளே மட்டும் இழுக்கவில்லை. அவர்களுடைய சகா ரிச்சர்ட் ஆண்டர்சன் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். செல் மேற்பரப்பில் ஏறத்தாழ 2 சதவீத இடமே பிடிக்கும் சிறு குழிகளில்தான் ஏற்பிகளில் பெரும்பங்கு குவிந்திருக்க வேண்டும். இந்த நோயாளியிடம் அவை சிதறிக் கிடந்தன. பிடிப்பது ஒரு வேலை, குழிக்குள் கூடுவது வேறு வேலை என்று தெரிந்தது. 839 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில் 807ஆம் இடத்தில் டைரோசினுக்குப் பதில் சிஸ்டீன் இருப்பது 1986இல் பிடிபட்டது. ஒரே ஒரு எழுத்துப் பிழை! செல் வெளிப்பொருளை எப்படி விழுங்குகிறது என்பதற்கு, நோயுற்ற ஒருவரின் தோல் செல்களே பாடநூலாகிவிட்டன.

நோபல் வாங்கியவர்கள் பெரும்பாலும் அப்புறம் மேடைகளிலேயே தங்கிவிடுவார்கள். (கோல்ட்ஸ்டீனும் லாஸ்கர் விருதுக்குழுத் தலைவராக இருந்து, ஓவியத்தையும் அறிவியலையும் சேர்த்துக் கட்டுரைகள் எழுதினார், அது வேறு கதை.) இவர்கள் 1993இல் எஸ்.ஆர்.இ.பி.பி. என்ற புரதத்தோடு வந்தார்கள். அது செல்லின் உள்சவ்வில் கட்டுண்டு கிடக்கும். கொலஸ்ட்ரால் குறைந்தால் ஸ்காப் என்ற இன்னொரு புரதம் அதைக் கோல்ஜி என்ற செல் உள்ளுறுப்புக்குக் கூட்டிப்போகும். அங்கே இரண்டு நொதிகள் அடுத்தடுத்து வெட்ட, விடுபட்ட துண்டு உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை எழுப்பும். எழுப்பப்படுபவற்றில் எல்.டி.எல். ஏற்பியின் மரபணுவும் உண்டு, அந்த 1973ஆம் ஆண்டு நொதியின் மரபணுவும் உண்டு.

கொலஸ்ட்ரால் எவ்வளவு இருந்தால் இந்தப் பயணம் நிற்கும்? 2008இல் உள்சவ்வைத் தனியாகப் பிரித்து அளந்தார்கள். அதிலுள்ள கொழுப்பு மூலக்கூறுகளில் கொலஸ்ட்ரால் சுமார் 5 சதவீதத்தைத் தாண்டியதும் போக்குவரத்து சட்டென்று நின்றுவிடுகிறது. மெல்ல மெல்லக் குறைவதில்லை, மின்விளக்கின் சுவிட்சைப் போல அணைகிறது. அந்தக் கட்டுரையின் வரைபடத்தில் கோடு செங்குத்தாக இறங்கும் இடத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.