ஆறு பக்கமும் அரை மணி நேர மௌனமும்

2004 ஜூன் 9 அன்று அமேசானின் உயர்நிலை நிர்வாகிகளுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. இனி அவர்களுடைய கூட்டங்களில் பவர்பாயின்ட் கிடையாது; சொல்ல வேண்டியதை முழு வாக்கியங்களில் எழுதிக்கொண்டு வர வேண்டும். நாளடைவில் அது ஆறு பக்க உச்சவரம்பாக நிலைத்தது. கூட்டம் தொடங்கியதும் யாரும் வாய் திறப்பதில்லை. இருபது நிமிடமோ அரை மணி நேரமோ எல்லோரும் உட்கார்ந்து அந்த அறிக்கையைப் படிக்கிறார்கள். கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான். வணிக எழுத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்று தவறாமல் எடுத்துக்காட்டும் வழக்கம் இது. அந்தப் புகழுக்கு இது தகுமா?

இதற்குத் தூண்டுகோல் தரவுகளைக் காட்சிப்படுத்தும் கலையில் வல்லுநரான எட்வர்ட் டஃப்டியின் கட்டுரை என்று, அப்போது அமேசானின் நிறுவனர் ஜெஃப் பெசோஸுக்கு உதவியாளராக இருந்த காலின் பிரையர் எழுதியிருக்கிறார். பவர்பாயின்ட் நம் சிந்தனையை எப்படித் துண்டாக்குகிறது என்பதே டஃப்டியின் பொருள். அவர் அலசிய ஒரு ஸ்லைடு கொலம்பியா விண்கலம் பற்றியது. 2003 ஜனவரியில் அந்த விண்கலம் கிளம்பியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத் துண்டு ஒன்று பிய்ந்து இறக்கையில் மோதியது. ஆபத்து உண்டா என்று ஆராய்ந்து பொறியாளர்கள் தயாரித்த ஸ்லைடின் தலைப்பு, கவலைப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும்படி இருந்தது. அடியில், பொடி எழுத்தில், உண்மையான தகவல்: மோதிய துண்டு சுமார் 1,920 கன அங்குலம், கைவசம் இருந்த சோதனை முடிவோ வெறும் 3 கன அங்குலத் துண்டுக்கானது. 640 மடங்கு வித்தியாசம். பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது விண்கலம் சிதறி, அதிலிருந்த ஏழு விண்வெளி வீரர்களும் உயிரிழந்தார்கள். ஸ்லைடுதான் அவர்களைக் கொன்றது என்பது மிகை. ஆனால் தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்லைடுகள் இருந்ததை விசாரணைக் குழுவே கண்டித்தது.

வாக்கியம் இங்கே என்ன செய்திருக்கும்? ‘விற்பனை சரிவு’, ‘விலை உயர்வு’, ‘புதிய போட்டியாளர்’ என்று மூன்று புள்ளிகளை ஸ்லைடில் அடுக்கிவிடலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இதையே வாக்கியமாக்கப் போனால் மாட்டிக்கொள்வோம். விலையை உயர்த்தியதால் விற்பனை சரிந்ததா, போட்டியாளர் வந்ததாலா, இரண்டும் சேர்ந்தா? ‘ஆகவே’, ‘இருந்தும்’, ‘இல்லாவிட்டால்’ என்று ஒன்றை எழுதியே ஆக வேண்டும். எழுதினால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சட்டி காலி என்பது எழுத உட்கார்ந்த முதல் மணி நேரத்திலேயே எழுதுகிறவருக்குத் தெரிந்துவிடும். இந்த முறையின் பெரிய பலன் அதுதான். மேடைப் பேச்சின் கவர்ச்சிக்கும் வேலை இல்லை. அறிக்கையில் எழுதியவர் பெயர் இடம்பெறாது என்பதால் அது குழுவின் குரலாகவே மேசைக்கு வருகிறது.

குறைகளும் சிறியவை அல்ல. நல்ல அறிக்கைக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ பிடிக்கும் என்று பெசோஸே தன் பங்குதாரர்களுக்கு எழுதினார். எழுதி, பிறரிடம் காட்டி, இரண்டு நாள் ஆறப்போட்டு, திருத்த வேண்டும் என்கிறார். ஒரு பேரங்காடிக்குக் கட்டுப்படியாகும் இந்தச் செலவு, பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்குக் கட்டாது. மொழியும் ஒரு தடை. ஸ்லைடு முறையில் பேச்சு வல்லவர் ஜெயித்தார். இங்கே ஆங்கில உரைநடை கைவந்தவர் ஜெயிக்கிறார். சென்னையிலோ ஹைதராபாத்திலோ இருக்கும் திறமையான பொறியாளரின் யோசனை, வாக்கியம் தடுக்குவதால் பின்தங்க வாய்ப்புண்டு. தவிர, பூசி மெழுகுவது ஸ்லைடுக்கு மட்டும் உரிய கலை அல்ல. சரளமான நடை ஓட்டையான யோசனையையும் அழகாக மூடும்.

அமேசானின் ஃபயர் போன் இதற்குச் சாட்சி. இந்த எழுத்துப் பண்பாடு ஊறிப்போன பிறகு, 2014இல், பெசோஸ் கிட்ட இருந்தே உருவாக்கிய கைப்பேசி அது. சில மாதங்களிலேயே 17 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுத வேண்டியதாயிற்று. முதலாளியே ஒன்றின் மேல் ஆசை வைத்துவிட்டால், எத்தனை பக்கம் எழுதினாலும் அது வேண்டாம் என்று சொல்லும் தைரியத்தைத் தாள் கொடுத்துவிடாது.

ஆக, இந்த முறையைப் பின்பற்ற நினைப்பவர்கள் எதைப் பின்பற்ற வேண்டும்? பலரும் கண்ணுக்குத் தெரியும் ஆறு பக்கத்தை எடுத்துக்கொள்கிறார்கள். முறையின் உயிர் இருப்பதோ அந்த அரை மணி நேர வாசிப்பில். முன்கூட்டியே அனுப்பினால் பாதிப் பேர் படிக்காமல் வந்து, படித்ததுபோலத் தலையாட்டுவார்கள் என்ற அனுபவ அறிவிலிருந்து பிறந்தது அது. சிறிய நிறுவனத்துக்கு ஒரு பக்கம் போதும், பத்து நிமிட வாசிப்பு போதும். நடையின் நயத்துக்கு மதிப்பெண் போடாமல், காரண காரியம் பிடிபடுகிறதா என்று பார்த்தால் மொழித் தடையும் குறையும். தமிழில் யோசிக்கிறவர்கள் கூடும் கூட்டத்தில் அந்தப் பக்கம் தமிழிலேயே இருக்கலாம். ஆனால் மேலதிகாரி உட்கார்ந்து படிக்க மாட்டார் என்று தெரிந்த இடத்தில் இந்த முறையைக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. அங்கே இது எழுதுகிறவருக்கு இன்னொரு வேலைச் சுமை, அவ்வளவுதான்.