சுவருக்குக் காவல், கல்லாவுக்கு இல்லை

இங்கிலாந்தின் சாமர்செட்டில் நார்ட்டன் செயின்ட் பிலிப் என்றொரு கிராமம். அங்குள்ள ஜார்ஜ் விடுதியைத் தெருவிலிருந்து பார்த்தால், இரண்டு வீடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி வைத்ததுபோல் இருக்கும். கீழ்த்தளம் கல். மேலே இரண்டு மாடிகள் ஓக் மரச் சட்டம். மாடி கீழ்ச்சுவரோடு நிற்காமல் முன்னால் பிதுங்கித் தெருவை எட்டிப் பார்க்கிறது.

பக்கத்து ஹிண்டன் கார்த்தூசிய மடத்துத் துறவிகள் கட்டியது இது. கம்பளிச் சந்தைக்கு வரும் வியாபாரிகள் தங்குவதற்கும் கம்பளியை அடுக்கி வைப்பதற்கும் இடம் வேண்டியிருந்தது. உலகைத் துறந்தவர்கள் கணக்கைத் துறக்கவில்லை. 1668 ஜூனில் பாத் நகருக்குப் போகும் வழியில் நாட்குறிப்பு புகழ் சாமுவேல் பெப்பிஸ் இந்த ஊரில் சாப்பிட்டார். சாப்பாடு நன்றாக இருந்ததையும் அதற்குப் பத்து ஷில்லிங் ஆனதையும் எழுதி வைத்திருக்கிறார். 1685இல் அரசனை எதிர்த்துக் கிளம்பிய மன்மத் கோமகன் இங்கே தங்கிப் படை நடத்தினான்.

இன்று இது பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்களின் முதல் தரப் பட்டியலில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1947 சட்டத்தில் வேர்கொண்ட பட்டியல் முறை, ஏறத்தாழ நான்கு லட்சம் கட்டடங்களை மூன்று தரங்களில் வைத்திருக்கிறது. முதல் தரத்தில் இருப்பவை நூற்றுக்கு இரண்டரை மட்டுமே. 1700க்கு முன் கட்டப்பட்டு, பழைய உடல் பெருமளவு மிஞ்சியிருந்தால் பட்டியலில் இடம் அநேகமாக உறுதி. அனுமதியின்றி இடித்தாலோ தன்மை கெடும்படி மாற்றினாலோ அது கிரிமினல் குற்றம்; சிறைக்கும் வழியுண்டு.

இந்தக் கண்டிப்பு தேவைதான் என்பேன். காரணம் கட்டடத்தின் உள்ளேயே இருக்கிறது. அக்காலத் தச்சர்கள் ஓக்கைப் பச்சையாகவே அறுத்தார்கள். ஒரு மரத்தின் முனையை நாக்குபோல் செதுக்கி, இன்னொன்றின் துளையில் நுழைத்து, குறுக்கே மர ஆணி அடித்தார்கள். மரம் காயக் காய முறுக்கிக்கொண்டு, மூட்டு இறுகும். எந்தச் சட்டம் எங்கே சேர வேண்டும் என்று உளியால் கீறிய எண்களை இன்றும் பல பழைய கட்டடங்களில் தடவிப் பார்க்கலாம். இப்படிப்பட்ட சுவரில் அவசரத்துக்கு ஒருவர் சிமெண்ட் பூசினால், சுண்ணாம்புக் காரை வழியே வெளியேறிக்கொண்டிருந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வெளியே பளிச்சென்று இருக்க, உள்ளே ஓக் மக்கும். நல்ல எண்ணத்தோடு செய்யும் பழுதுபார்ப்பே கொல்லக்கூடியது என்பதால்தான், கை வைக்குமுன் கேள் என்கிறது சட்டம்.

ஆனால் இதே ஜார்ஜ் விடுதி சட்டத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறது. மர மாடிகள் முதலில் கட்டியவை அல்ல. 15ஆம் நூற்றாண்டில் கல் கட்டடத்தின்மேல் ஏற்றியவை. இன்றைய அதிகாரியிடம் அந்தத் துறவிகள் வந்து, “இந்தக் கல் கட்டடத்தின்மேல் இரண்டு மர மாடி போட வேண்டும்” என்று கேட்டிருந்தால் மனு என்ன ஆகியிருக்கும்? நாம் போற்றும் அழகே, இன்று விண்ணப்பப் படிவத்தைத் தாண்டியிராத ஒரு மாற்றம். விடுதிகள் எப்போதும் வியாபாரத்துக்கேற்பச் சட்டை மாற்றியவை. சட்டமோ கடைசியாகப் போட்ட சட்டையைத் தைத்து ஒட்டிவிடுகிறது.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில். பட்டியலுக்கு வயதும் கைவேலையும் தெரிகிற அளவுக்கு, ஊர்ப்பாசம் தெரிவதில்லை. ஸ்டாஃபர்ட்ஷயரின் ஹிம்லி அருகே ‘கோணல் வீடு’ என்ற பப் இருந்தது. 1765இல் பண்ணை வீடாகக் கட்டியது. அடியில் சுரங்கம் தோண்டியதில் ஒரு பக்கம் நாலடி புதைந்து சாய்ந்துபோனது. அங்கே மேசையில் கோலிக்குண்டை வைத்தால் மேட்டை நோக்கி உருள்வதுபோல் தெரியும். அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. ஆனாலும் அது பட்டியலில் இல்லை. சேர்க்கச் சொல்லிக் கோரிக்கை போயிருந்த வேளையில், 2023 ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது. 7ஆம் தேதி கட்டடம் தரைமட்டம். திரும்பக் கட்டும்படி 2024 பிப்ரவரியில் உள்ளூராட்சி நோட்டீஸ் விட்டது. லண்டனில் 2015இல் இப்படி இடிக்கப்பட்ட கார்ல்டன் டாவெர்ன் பப்பை உரிமையாளரையே திரும்பக் கட்ட வைத்து, 2021இல் கதவு திறந்த முன்னுதாரணம் உண்டு. ஆனால் சாய்ந்த வீட்டை அதே சாய்வோடு எப்படிக் கட்டுவது? சுரங்கம் நூற்றாண்டுக் கணக்கில் செய்த வேலையைக் கொத்தனாரால் செய்ய முடியுமா?

காசு விஷயத்தில் அரசே எதிர்த்திசையில் இழுக்கிறது. புது வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி இல்லை. பழைய கட்டடத்தின் கூரையைப் பழுதுபார்த்தால் 20 விழுக்காடு. பட்டியல் வீடுகளில் அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு முன்பு வரி விலக்கு இருந்தது. பழுதுபார்ப்புக்கு அப்போதும் இல்லை. 2012 அக்டோபரில் அந்த விலக்கையும் எடுத்தார்கள். ஓட்டைக் கூரையோடு விட்டுவைப்பவருக்குச் செலவில்லை; ஒழுங்காகப் பார்த்துக்கொள்பவருக்கு அபராதம்போல் வரி. இதைப் பாதுகாப்பு என்று சொல்ல நாக்குக் கூசுகிறது.

இன்னொன்று: பட்டியல் காப்பது கட்டடத்தை, தொழிலை அல்ல. விடுதியை வீடாக்கத் திட்ட அனுமதி தனியாக வேண்டும். அது கிடைத்துவிட்டால், உத்தரமும் கணப்படுப்பும் அப்படியே இருக்க, கல்லாவும் பீர்க் குழாயும் பேச்சும் போய்விடும். பட்டியலைப் பொறுத்தவரை அங்கே ஒன்றும் கெடவில்லை. 2011 உள்ளூராட்சிச் சட்டம் இதற்குச் சிறு மருந்து தந்தது: ஊர் தனக்கு வேண்டியது என்று ஒரு பப்பைப் பதிவு செய்திருந்தால், அது விற்பனைக்கு வரும்போது பணம் திரட்ட ஆறு மாதம் கேட்கலாம். ஆனால் உரிமையாளர் ஊருக்குத்தான் விற்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

ஊர் முந்திக்கொண்ட இடங்களும் உண்டு. வடக்கு யார்க்‌ஷயரின் ஹட்ஸ்வெல் கிராமத்தில் மூடிப்போன ‘ஜார்ஜ் அண்ட் டிராகன்’ பப்பை, அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 2010இல் ஊரார் பங்கு போட்டு வாங்கினார்கள். அதற்குள் ஒரு சின்ன நூலகமும் மளிகைக் கடையும் வந்தன. பின்புறம் ஊரார் காய்கறி போட்டுக்கொள்ளப் பாத்திகள் பிரித்தார்கள்.