ஆடல், தோழமை, கூலி

ஒரு கலையை மதிப்பிடப் புகுவோர், அது யாருக்காக நிகழ்கிறது, யாருடைய உழைப்பில் நிற்கிறது என்னும் இரு வினாக்களையும் ஒருங்கே எழுப்புதல் வேண்டும். ஒன்றை மட்டும் கேட்டு அமைபவர் பாதி உண்மையோடு திரும்புவர். 'பெலி டான்ஸ்' என உலகெங்கும் வழங்கும் வயிற்றாட்டத்தைப் பற்றிய இரு பெருங் கருத்துகள் இத்தகைய பாதி உண்மைகளே. ஆண்களின் கண்ணுக்கு விருந்தாகப் பெண்ணுடலைக் காட்டும் களியாட்டம் என்பது ஒரு கருத்து. பெண்களிடையே நட்பை வளர்த்து, தம் உடலைப் பற்றிய கூச்சத்தைப் போக்கி, தன்னம்பிக்கை ஊட்டும் கலை என்பது மற்றது. மேலைநாட்டு நகரங்களின் நடன வகுப்புகளிலே பல்லாண்டுகளாக ஒலித்துவருவது. முதற் கருத்தை மறுப்பது எளிது. இரண்டாவதில் உண்மை இருக்கிறது. ஆதலாலேயே அதனை நாம் கவனத்துடன் ஆராய வேண்டியுள்ளது.

பெயரிலிருந்தே தொடங்குவோம். எகிப்தியர் இதனை 'றக்ஸ் ஷர்கி', அதாவது கீழைத்தேய நடனம் என்பர். ஊர்மக்கள் ஆடும் எளிய வடிவம் 'றக்ஸ் பலதி'. தம் மண்ணின் ஆட்டம் என்பது பொருள். வயிற்றாட்டம் என்பதோ பிரெஞ்சுக்காரர் இட்ட பெயரின் மொழிபெயர்ப்பு. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியிலே 'கெய்ரோத் தெரு' என ஒரு தெருவை அமைத்து, அங்கே கட்டணம் வாங்கி இந்நடனத்தைக் காட்டினர். அமெரிக்கா எங்கும் இப்பெயர் பரவியது அதன் பின்னரேயாம். ஆடுபவளின் இசையறிவும் கைகளின் நயமும் முகத்தின் பாவமும் மறைந்து, ஓர் உறுப்பே கலையின் பெயராயிற்று. பார்வையாளன் தன் பார்வைக்கு வைத்த பெயர் அது.

எகிப்திய வீடுகளில் இந்நடனத்தின் நிலை வேறு. திருமண வீட்டிலும் மருதோன்றி இடும் இரவிலும் பெண்கள் தமக்குள் கூடி ஆடுவர். சுற்றியிருப்போர் கைகொட்ட, ஒருத்தி நடுவே எழுந்து ஆடுவாள். அவள் அமர இன்னொருத்தி எழுவாள். நம் கிழக்கிலங்கைப் பெண்கள் இடும் குரவையை ஒத்த 'ஸக்ரூத்தா' என்னும் ஒலியால் அவளை உற்சாகப்படுத்துவர். சிறுமி தாயைப் பார்த்துப் பழகுவாள். பேரன் பேத்தி கண்டவளும் கூச்சமின்றி எழுந்து ஆடுவாள். அங்கே பார்ப்பவரும் ஆடுபவரும் இருவேறு இனத்தாரல்லர்.

இத்தகைய கூட்டங்களில் ஆடவும் பாடவும் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள் 'அவாலிம்' எனப்பட்டனர். அறிவுடையோர் என்பது அதன் பொருள். நம் நாட்டு முஸ்லிம் மக்கள் வழங்கும் 'ஆலிம்' என்ற சொல்லின் வேரும் அதுவே. தெருவிலும் பொதுவிடங்களிலும் ஆடியோர் 'கவாஸி' எனப்பட்டனர். 1834-இல் முகம்மது அலியின் அரசு, பொதுவில் ஆடும் பெண்களைக் கெய்ரோவிலிருந்து விலக்கி, தெற்கே எஸ்னா, கெனா, அஸ்வான் ஆகிய ஊர்களுக்குத் துரத்தியது. நடனம் ஒழியவில்லை; ஆடுவோரின் பாதுகாப்பே ஒழிந்தது. அந்த எஸ்னாவிலேதான் 1850-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஃபுளோபேர், குச்சுக் ஹானம் என்ற நடனக்காரியைக் கண்டார். அவளைப் பற்றி அவர் நிறைய எழுதினார். அவள் தன்னைப் பற்றிக் கூறிய சொல் எதுவும் நம் கைக்கு எட்டவில்லை. எட்வேர்ட் சயீத் 1978-இல் வெளியிட்ட 'ஓரியன்டலிசம்' என்னும் நூலிற் சுட்டிக்காட்டிய இம்மௌனம், நாம் பேசும் பொருளின் மையத்தில் நிற்பது.

இனி மேலைநாட்டு வகுப்பறைக்கு வருவோம். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் பெண்விடுதலை இயக்கம் எழுந்தபோது, அமெரிக்கப் பெண்கள் பலர் இந்நடனத்தை நாடினர். காரணம் விளங்காததன்று. பலே நடனம் மெலிந்த இளம் உடலைக் கேட்பது. நிலத்தை விட்டு மேலெழச் சொல்வது. இந்நடனமோ பாதத்தை நிலத்தில் ஊன்றி, முழங்காலைத் தளர்த்தி, உடலின் பாரத்தை மறைக்காமல் அதனைக் கொண்டே அசைவை ஆக்குவது. பிள்ளை பெற்ற வயிறும் நடுவயதின் இடையும் இங்கே குறைகளல்ல. தன் உடலை விளம்பரப் படத்தோடு ஒப்பிட்டு வெட்கப் பழகியவளுக்கு இது சிறிய செய்தியன்று.

1987-இல் கரொலினா நெரிச்சியோ என்னும் நடன ஆசிரியை சான் பிரான்சிஸ்கோவில் நிறுவிய குழுவின் முறை இவ்விடத்திற் குறிப்பிடத் தக்கது. முன்கூட்டி அமைத்த வரிசை எதுவும் இன்றிப் பலர் ஒன்றாக ஆடுவர். முன்னே நிற்பவள் கையாலோ தோளாலோ காட்டும் குறிப்பை ஏனையோர் கண்டு பின்தொடர்வர். சற்றுப் பொழுதில் அவள் பின்னே செல்ல, மற்றொருத்தி முன்வருவாள். தலைமை யாருக்கும் நிரந்தரமன்று. தலைமை தாங்கவும் பிறரை நம்பித் தொடரவும் ஒருத்தி ஒரே மாலைப் பொழுதிற் கற்கிறாள். இவ்வகுப்புகளிற் பிறக்கும் நட்பும் நம்பிக்கையும் இத்தகைய கூட்டுச் செயலின் விளைவே என்பது எமது துணிபு. பளபளக்கும் உடைக்கோ கீழைத்தேய மாயத்துக்கோ அதில் பங்கு சிறிது.

ஆயினும் அம்மாயம் விடாது விற்கப்படுகிறது. பண்டைத் தாய்த்தெய்வத்தின் கோயிலிற் பிறந்த ஆட்டம் இது என்று சான்றின்றிக் கதை சொல்வோர் பலர். மேற்கூறிய குழுவினரின் பாணியும் 'பழங்குடி' எனப் பொருள்படும் சொல்லைப் பெயரிலே நெடுங்காலம் தாங்கி நின்றது. எந்தப் பழங்குடி என்ற கேள்விக்கு விடை இருக்கவில்லை. 2020 அளவில் அச்சொல் கைவிடப்பட்டது வரவேற்கத் தக்கதே. தெய்வத்தையும் பழங்குடியையும் புனைந்துகொண்டால், கெய்ரோவில் இன்றும் கூலிக்கு ஆடும் பெண்ணைப் பார்க்க வேண்டிய கடமை நீங்கிவிடுகிறது. புனைவின் பயன் அதுவே.

அப்பெண்ணை நமக்குக் காட்டுவது கரின் வான் நியூகெர்க் என்ற டச்சு மானிடவியலாளர் 1995-இல் வெளியிட்ட நூல். 'மற்றத் தொழில்களைப் போல ஒரு தொழில்' என்பது அதன் தலைப்பின் பொருள். கெய்ரோவின் முகம்மது அலித் தெருவைச் சார்ந்து, திருமணங்களில் ஆடிப் பாடிப் பிழைத்த பெண்களின் வாய்மொழியை அவர் கேட்டு எழுதியுள்ளார். மணமகளின் சிற்றன்னை ஆடினாற் குரவை. அதே அசைவைக் கூலி பெற்றவள் ஆண்கள் முன் ஆடினால் இழிவு. இடையிலே வந்தது பணமும் அந்நியர் பார்வையுமே. குடும்பத்தைத் தாங்கும் அப்பெண்கள், ஆண்கள் நடுவே ஆணைப்போல் உறுதியாக நின்று தம் மானத்தைக் காத்தனர். தன்னம்பிக்கை என்ற சொல்லுக்கு இவர்களிடத்தே கனம் கூடுகிறது. கட்டணம் செலுத்திப் பெற்றதன்று, பிழைப்புக்காகப் பொருதிப் பெற்றது அது.

1926-இல் பதியா மசாப்னி கெய்ரோவிற் திறந்த கேளிக்கை அரங்கில் உருவானவர்களுள் ஒருவர் தஹியா கரியோக்கா. 1950-ஆம் ஆண்டளவில் பள்ளிச் சிறுவனாக அவரது ஆட்டத்தைக் கண்ட சயீத், நாற்பதாண்டு கழித்து, 1990-இல் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எவ்வளவு குறைவாக அசைகிறாள் என்பதிலேயே இக்கலையின் சிறப்பு உள்ளது என்ற அவரது மதிப்பீடு, கண்ணியமான விமரிசனத்துக்கு எடுத்துக்காட்டு. தஹியா இடதுசாரித் தொடர்புகளுக்காக 1950களிற் சிறை சென்றவர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் அக்கட்டுரையும் ஓர் ஆண் பார்வையாளனின் வியப்பிலேயே தொடங்குகிறது. தஹியாவுக்கு முன்னும் பின்னும் பெயரின்றி ஆடியோர் அதற்கு வெளியே நிற்கின்றனர். சயீதையும் வான் நியூகெர்க்கையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கே முழுப்படம் கிட்டும்.

இவ்விரு உலகங்களும் மோதிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. கெய்ரோவில் தொழில்புரிய வந்த வெளிநாட்டு நடனக்காரிகளுக்கு அனுமதி வழங்குவதை எகிப்திய அரசு 2003-இல் நிறுத்தியது. உள்நாட்டுப் பெண்களின் பிழைப்பைக் காப்பதே நோக்கம் எனப்பட்டது. எதிர்ப்பு எழுந்து, 2004-இல் தடை நீங்கிற்று. தடையால் கலை வளராது. ஆனால் தடை நீங்கியதனாலும் கேள்வி தீரவில்லை. நடனத்தை விரும்பிக் கற்றவள், அதனைப் பெற்றெடுத்த தெருவுக்கு எதனைத் திருப்பித் தந்தாள் என்பதே கேள்வி.

வகுப்பறையில் மலரும் தோழமையை நாம் எள்ளி நகையாடவில்லை. தனித்து வாடிய ஒருத்தி பத்துப் பேர் நடுவே நிமிர்ந்து நிற்கிறாள் என்றால் அது சமுதாயத்துக்கு ஆதாயமே. ஆனால் அவ்வட்டம் கற்றோரோடு நின்றுவிடலாகாது. திருமணப் பந்தலில் ஆடி முடித்து, கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு நள்ளிரவில் வீடு திரும்பும் முகம்மது அலித் தெருப் பெண்ணும் அதில் ஒருத்தியாதல் வேண்டும். குரவை அவளுக்கும் ஒலிக்கும் நாளிலேயே அத்தோழமை நிறைவுறும்.